நாலரை மணி மான்

மலை இறங்கி வந்து, இனி இறங்க இடமில்லை என்று உட்கார்ந்துவிட்ட இடத்தில் நொச்சியூத்து என்று ஒரு ஊர். அந்த ஊரில் இருநூறு தலைக்கட்டு, ஒரு டீக்கடை, முப்பது நாய், ஒரு நாட்டுத் துப்பாக்கி, இத்தனையும் போக நான். என் பெயர் உச்சிமாகாளி. பெயரை மட்டும் கேட்டவர்கள் ஆறடி ஆளை எதிர்பார்த்து வருவார்கள், வந்து என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் இருக்காரா தம்பி?" என்று கேட்பார்கள். எனக்கு அண்ணன் கிடையாது. குரலும் அவ்வளவாகக் கிடையாது. வீட்டில் நான் ஏதாவது சொன்னால் என் அம்மா, "நீ பேசுனியா, இல்ல அடுப்புல ஏதும் கொதிச்சுதா?" என்பாள்.

எங்கள் ஊரில் சித்திரை மாதச் சாமி விழாவான கொடைக்கு முன்னால் ஊத்துக்கரை மாடனுக்கு ஒரு மான் விழ வேண்டும். சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது, அதைச் சொல்வதற்கென்றே ஒரு பாரஸ்ட் வாட்சர் சைக்கிளில் வந்து போகிறார், ஆனால் மாடன் சட்டம் படித்தவரில்லை. விழுந்த மானை ஊரே பங்கு வைக்கும். சுட்டவனுக்குத் தொடை, சுமந்தவனுக்குக் கழுத்து, பல் போனவர்களுக்குச் சாறு, பால்குடிப் பிள்ளைக்கு நாக்கில் ஒரு சொட்டு, குரைத்த கூலிக்கு நாய்களுக்கு எலும்பு. ஒருவனுக்கு மட்டும் பங்கு கிடையாது. தடம் பார்த்து, 'மான் இந்த வழியாக வரும்' என்று சொன்னவன் அந்தக் கறியை வாயில் வைக்கக்கூடாது. வழி சொன்ன வாய் கறி தின்றால் அடுத்த மானுக்குத் தெரிந்துவிடும் என்பது வழக்கம். யார் போய் மானிடம் சொல்வார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று வருசமாக மான் விழவில்லை. துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் என் தாய்மாமன் பூதத்தான். அவர் முன்னால் போக, நாற்பது ஆளும் முப்பது நாயும் இரண்டு கொட்டும் பின்னால் போக, விடிந்ததும் மலையேறுவார்கள். மலையிலுள்ள மான்களெல்லாம் சாவகாசமாக அடுத்த மலைக்குப் போய், இவர்கள் இறங்கிய பிறகு திரும்பி வரும். மூன்றாம் வருசம் மாடனுக்குச் சேவல் அறுத்தார்கள். சாமியாடி அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவர், சேவலைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திட்டில் உட்கார்ந்துகொண்டார். மாமாவுக்கு அது பெரிய அவமானம். டீக்கடைக்காரர் கொம்பையா அண்ணன் கடையில் வைத்து அந்தப் பேச்சைக் கிளப்ப, மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "மானைக் கொண்டாந்து என் துப்பாக்கி முன்னால நிறுத்துதவன் எவனோ அவனுக்கு என் பிள்ளையக் குடுக்கேன், போங்கலே."

மாமாவின் பிள்ளை கோமு. எனக்கு முறைப்பெண். முறை இருந்து என்ன செய்ய, எதிரே வந்தால் நான் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கிவிடுகிற ஆள். அன்றைக்கு என்ன ஆயிற்றோ, "நான் நிறுத்துதேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை கொம்பையா அண்ணன், "எதோ சொல்லுதான் கேளுங்க" என்றார்.

அதன் பிறகு ஆறு மாதம் நான் மான்களோடு இருந்தேன். மானைத் தேடிப் போகக்கூடாது, மான் வருகிற இடத்தில் போய் உட்கார வேண்டும் என்கிற சின்ன விசயம் எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிராததால் எனக்குத் தோன்றியதை நான் பெரிய ஞானமாக நினைத்துக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். விடியும் முன் வெட்டவெளிப் புல்லில் மேய்ந்தவை வெயில் ஏறுவதற்குள் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மேட்டுப் புதருக்குப் போவதையும், அங்கே படுத்து அசைபோடுவதையும், நிழல் நகர நகர எழுந்து மாறிப் படுப்பதையும், மழை விட்ட கையோடு மரம் சொட்டுகிற சத்தம் பிடிக்காமல் வெளியே வந்து நிற்பதையும், சாயங்காலம் முதலில் பெட்டைகளும் குட்டிகளும் பின்னால் கொம்பனுமாகத் தண்ணீருக்கு இறங்குவதையும் எழுதினேன். புழுக்கையைத் தொட்டுச் சூடு பார்த்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதினேன். எழுதிய கையாலேயே கட்டுச்சோற்றைத் தின்றேன் என்பதை எழுதவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு கொம்பன், பெரிய ஆள். ஊற்றுக்குப் போகிற வழியில் இரட்டைப் பாறை இருக்கிறது, அதன் இடுக்கு வழியாகத்தான் வரும். என் கைக்கடிகாரத்தில் நாலரை ஆகும்போது அதன் மூக்கு இடுக்கில் தெரியும். ஒரு நாள் பார்த்தேன், தற்செயல் என்று நினைத்தேன். இருபத்தேழு நாள் பார்த்தேன். வெயிலானாலும் நாலரை, மேகமானாலும் நாலரை, என் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோயிருந்தபோது கொம்பன் வந்ததும் அதுவும் ஓடத் தொடங்கியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'மான் நாலரைக்கு வருகிறது' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். நாலரைதான் மானோடு வருகிறது என்று எழுதியிருக்க வேண்டும்.

கொடைக்கு முந்தின நாள் மாமாவை மட்டும் கூட்டிப்போய்க் காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், இடுக்கைப் பார்த்தார், மூக்கு தெரிந்தது, சுட்டார். அவ்வளவுதான். ஆறு மாத வேலை ஒரு தும்மல் நேரத்தில் முடிந்தது. மாமா என் தோளில் தட்டி, "மாப்ள" என்றார். பிறந்ததிலிருந்து எனக்கு அவர் மாமாதான், ஆனால் நான் மாப்பிள்ளையானது அன்றைக்குத்தான்.

கொடையில் ஊரே தின்றது. வாட்சர் வந்திருந்தார், ஆட்டுக்கறி என்று சொல்லிப் போட்டோம், அவரும் ஆட்டுக்கறி என்று நம்பித் தின்றார், இன்னும் இரண்டு தடவை கேட்டு வாங்கி நம்பினார். நான் ஒரு மூலையில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் இருந்தேன். கொம்பையா அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். தூக்கிய கை தூக்கியபடி, டீ மட்டும் வழிந்து அவர் காலடியில் ஓடியது. பெஞ்சில் பேப்பர் படித்தவர் ஒரு பக்கத்தைத் திருப்பப் போய்த் திருப்பாமல் இருந்தார். நாய் ஒன்று காதைச் சொறியக் காலைத் தூக்கியபடி சிலையாயிருந்தது. என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன், எப்போதும் விளையாடுகிறவர்கள்தானே. விளையாட்டைக் கெடுக்க வேண்டாமென்று நானும் டம்ளரை உதட்டில் வைத்தபடி கால்மணி நேரம் அசையாமல் நின்றேன். கை கடுத்த பிறகுதான் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவெல்லாம் அப்படித்தான். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, சண்டைக்கு நின்ற இரண்டு பெண்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். வாட்சர் சைக்கிளோடு வேலியில் சாய்ந்திருந்தார். மாடுகள் மேய்ந்தன, கோழிகள் கிளறின. கறி தின்ற உயிர் ஒன்றும் அசையவில்லை. அஞ்சரைக்கு எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவர்களுக்கு நாலரை முடிந்து அஞ்சரை வந்திருந்தது, நடுவில் இருந்தது மானோடு போயிருந்தது.

முதல் மூன்று நாள் ஊர் கொஞ்சம் கலங்கியது. நாலாம் நாள் பழகிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் தண்டோரா போட்டார்: நாலு இருபதுக்குள் அடுப்பை அணைக்கணும், பனையில் இருப்பவன் இறங்கணும், கிணற்றுத் திட்டில் யாரும் உட்காரக்கூடாது. கொம்பையா அண்ணன் தண்டோராவுக்கு அடங்காமல் நாலு இருபத்தொன்பதுக்குக் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றி வைத்து, அஞ்சரைக்கு எடுத்துக் குடித்து, பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று தினமும் ஆச்சரியப்பட்டார். கடன் கேட்டு வருகிறவர்களிடம் எல்லாரும் "நாலரைக்கு வாங்க" என்றார்கள். சாயங்காலம் நாலே முக்காலுக்கு உயிர் போகும் என்று ஜோசியத்தில் எழுதியிருந்த ஒரு பெரியவர் இனித் தனக்குச் சாவு வர வழியில்லை என்று பல் கட்டிக்கொள்ள டவுனுக்குப் போனார். பஸ்ஸில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் ஊரே கண்ணைத் திறந்து வைத்துத் தியானம் செய்கிறது என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

நான் மட்டும் முழித்திருக்கிறேன் என்பது தெரிந்ததும் ஒவ்வொருவராகத் தனியாக வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த நேரத்துல நான் எப்படிலே இருக்கேன்?" வாயைப் பிளந்துகொண்டு இருந்தவர்களிடமும் நான் "நல்லாத்தான் இருந்தீங்க" என்றேன். மாமா மட்டும் கேட்கவில்லை. அவர் நாலு இருபத்தஞ்சுக்கே துப்பாக்கியை ஊன்றி மீசையைத் திருகிவிட்டு, பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. அணைக்க மறந்த அடுப்பில் கொதிக்கிற சட்டியை இறக்கினேன், மழை வந்தால் காயப்போட்ட மிளகாயை அள்ளினேன், குழந்தைகள் முகத்தில் ஈ ஓட்டினேன். ஊரில் என்னைத் தவிர ஆளே இல்லாத நேரத்தில்தான் நான் ஊருக்கு ஒரு ஆளாக இருந்தேன்.

பத்தாம் நாள் மான்கள் இறங்கின.

அது நிலக்கடலை விளைகிற சமயம். வைகாசிக் கடைசியில் பறிக்க வேண்டும். கிணற்றடி வயலில் கோமு தானே உழவு பிடித்து, தானே விதை போட்டு, தானே தண்ணீர் கட்டிய கடலை நின்றது. அவள் கைப்பட வைத்த முதல் வெள்ளாமை. மலையிலிருந்த மான்களுக்கு, இந்த ஊர் மனுசர்கள் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்கு எங்கே போய் எத்தனை மணிக்கு மரமாகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. நாய்களும் எலும்பு தின்றவைதானே, குரைக்க ஆளில்லை. நாலரை ஆனதும் பெட்டைகளும் குட்டிகளுமாக வரிசையாக வந்தன.

நான் துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். ஒரு மான்கூடத் தலையைத் தூக்கவில்லை. ஆறு மாதம் அவற்றின் நடுவில் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவன் நான். என் வாடை அவற்றுக்கு வேப்பமரத்து வாடை போலப் பழகிவிட்டது. கத்தினேன். என் கத்தல் என்ன கத்தல். கடைசியில், நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினேன். தள்ளினால் நாலு அடி நகர்ந்து அங்கே மேய்ந்தன.

அஞ்சரைக்கு அசைந்ததும் மாமா துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "நீ ஒருத்தன்தான் முழிச்சிருக்க. ஒண்ணப் போட்டா மத்தது ஓடிரும்."

"அது எத்தன மணி மான்னு தெரியாதே மாமா."

"எதுவா இருந்தா என்னலே?"

"நாம சோறு திங்கிற மணியா இருந்துச்சுன்னா?"

மாமா துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். என் யோசனை எப்படிப்பட்டது என்று இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குத் தெரியும். எப்படியும் சும்மாதானே நிற்கப் போகிறீர்கள், வீட்டில் நிற்பதற்கு வயலில் போய் நின்றால் என்ன, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. ஊர் ஒத்துக்கொண்டது. நாலு இருபதுக்கு இருநூறு தலைக்கட்டும் கிளம்பி அவரவர் வயல் வரப்பில் போய், அவரவருக்குத் தெரிந்த வரைக்கும் பயங்கரமாக நின்றார்கள். தலைவர் இரண்டு கையையும் விரித்தார். கொம்பையா அண்ணன் டீ வடிகட்டியை ஓங்கினார். மாமா துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். கோமு தன் வயல் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள், அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் நாள் மான்கள் ஓடை மேட்டிலேயே நின்று பார்த்தன. இரண்டாம் நாள் காற்று போகிற பக்கமாகச் சுற்றி வந்து மோந்தன. மூன்றாம் நாள் ஒரு கிழட்டுப் பெட்டை முன்னங்காலால் தரையைத் தட்டிப் பார்த்தது. நாலாம் நாள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் அஞ்சரை மணிக்கு ஊர் நடுவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மான்கள் மேட்டுப் புதரில் படுத்து அசைபோட்டு யோசித்திருக்கின்றன போலிருக்கிறது. நோட்டு வாங்கி நான் ஆறு மாதம் செய்த வேலையை அவை நோட்டு வாங்காமல் நாலு நாளில் முடித்து, அஞ்சாம் நாள் நேராக வந்து மேய்ந்தன. ஒரு கொம்பன் தலைவரின் விரித்த கையில் கொம்பை உரசி அரிப்பு தீர்த்துக்கொண்டது. குட்டி ஒன்று மாமாவின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து அந்தப் பக்கத்துக் கடலையைத் தின்றது. கிழட்டுப் பெட்டை மாமாவின் முகத்து வியர்வை உப்பை நெற்றியிலிருந்து மீசை வரைக்கும் பதமாக நக்கி எடுத்தது.

"இன்னைக்கு எப்படி மாப்ள?" என்றார் மாமா அஞ்சரைக்கு.

"உங்க பக்கமே வரல மாமா. பயந்துட்டு."

"வராது" என்று மீசையைத் திருகியவர், கையைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்தார்.

நான் கோமுவின் வயலை மட்டுமாவது காப்பாற்றுவது என்று இருந்தேன். தினமும் அந்த ஒரு மணி நேரம் மான்களைத் தள்ளி அடுத்த வயலில் விட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வயல் எங்கள் வயல்தான்.

அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலை, கோமு என்னை வயலுக்குக் கூப்பிட்டாள்.

"அத்தான், அந்த நேரத்துல எங்க வீட்டுக்குள்ள எப்பவாது வந்தீங்களா?"

"சத்தியமா இல்ல."

"தெரியும். வாசல்ல கோலப்பொடி தூவி வச்சுதான் பாத்தேன். இங்க வாங்க. இது என்ன?"

அவள் தினமும் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் என் செருப்புத் தடம். இரண்டு காலும் சேர்ந்த தடம்.

"ஓடுத காலுக்கு முன்பக்கம்தான் பதியும். இது குதிங்கால் அமுங்கி நிக்குது. நெடுநேரம் நின்னிருக்கீங்க. தடம் பாக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சீங்களா?"

நான் செருப்பைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்ன செஞ்சீங்க?"

"பேசிட்டு இருந்தேன்."

"யாருகூட?"

"உன்கூடத்தான்."

"என்ன பேசுனீங்க?"

எதிரே அசையாமல் நிற்கிறவளிடம் அரை மணி நேரம் அருவியாகக் கொட்டுகிற எனக்கு, அசைகிறவளிடம் ஒரு சொல் வரவில்லை. அவள் சாய்ந்த ஒரு கடலைச் செடியை நிமிர்த்திவிட்டாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "நான் உங்களப் பாக்க முடியாத நேரத்துல என்னப் பாத்துட்டு நிக்கிற மாப்ள எனக்கு வேண்டாம். எங்க அப்பா மானுக்காகக் குடுத்த வாக்கு அவரோட இருக்கட்டும். கடலை வீடு வந்து சேரட்டும். அன்னைக்கு நீங்களும் கறியத் தின்னு அந்த மணியத் தொலைச்சா, பெறகு பேசலாம். தின்னலையா, நீங்க முழிச்சே இருங்க."

"கறிக்கு எங்க போக?"

"என் பங்குல பாதிய உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். "பங்கில்லாம ஒரு ஆளு மூலையில ரசம் குடிக்கிறதப் பாத்து நல்லாயில்ல எனக்கு."

செய்தி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வாரம் என்னைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். "நீயும் போயிட்டா எங்கள யாரு பாப்பா?" என்றார் கொம்பையா அண்ணன். "வழி சொன்ன வாய் திங்கக்கூடாதுல்லா" என்றார் தலைவர். என் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பூதப் போனாள். ஊரே ஒரு விசயத்துக்காக என்னிடம் கெஞ்சுவது அதுதான் முதல் தடவை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இன்னும் ஒரு வாரம் கெஞ்ச மாட்டார்களா என்றுதான் இருந்தது. ராஜா மாதிரி யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் சாயங்காலம் வயலில் போய் கோமுவின் எதிரே நின்றால் முன்போலப் பேச்சு வரவில்லை. அவள் கண் திறந்திருந்தது, அது என்னைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் நான் ஒருத்தியோடு பேசவில்லை, பேச்சு வாங்காத ஒரு கட்டையோடு பேசியிருக்கிறேன், மான்கள் என்னோடு ஆறு மாதம் இருந்த மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மான் தள்ளப் போனேன்.

கடலை பறித்த அன்று ஊருக்கு முக்கால்வாசி போய்விட்டிருந்தது. எங்கள் வயலில் ஒரு கூடை தேறியது. கோமுவுக்குப் பதினோரு மூட்டை. அவற்றை மாமா வீட்டு முற்றத்தில் இறக்கி முடித்தபோது மணி நாலு. ஊர் கூடி நின்றது. அவள் அடுக்களையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில், கறுத்துச் சுருங்கிய ஒரு துண்டை அனலில் காட்டிக் கொண்டுவந்தாள். மாமா, "மாப்ள, நல்லா யோசிச்சுக்கோ. நீ தின்னுட்டா அந்த நேரத்துல நான் எப்படி இருக்கேன்னு சொல்ல ஆளில்ல" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதில்லை.

"நல்லா இருப்பீங்க மாமா" என்றேன். இதை மட்டும் பொய்யாகச் சொல்லவில்லை.

தின்றேன். உப்பு, புகை, தோல் செருப்பைக் கடிக்கிற மாதிரி ஒரு கடி. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் கோமு உட்கார்ந்தாள், எதிரே ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்கள் அவரவர் இடம் பார்த்துச் சாய்ந்துகொண்டார்கள். நாலு இருபத்தெட்டு. கடைசியாக நான் பார்த்தது கூரை ஓட்டில் ஒரு காக்கை இறங்க வந்ததை.

காக்கை அங்கே இல்லை. வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறியிருந்தது. இரண்டு மூட்டை கிழிந்து கடலை சிதறியிருந்தது. கடலை போட்டு வைத்திருந்த என் சட்டைப்பை ஏனோ காலியாகி ஈரமாக இருந்தது. கோமு எதிரே அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருந்துச்சா அத்தான்?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலயே" என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றாள் அவள். "சரி, இப்பச் சொல்லுங்க. எதிர்ல நின்னு என்ன பேசுனீங்க?"

முற்றமெல்லாம் ஆள். மாமா வேறு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். நான் சிதறிய கடலையைப் பொறுக்கிக்கொண்டே, முதலில் பேசியதிலிருந்து ஆரம்பித்தேன்.